மாத்திரையும் குடியும்: வளர்ந்த மகனை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஓர் அம்மாவுக்கு

பெங்களூரு ஓகளிபுரத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மகனுக்கு 29 வயது. நாலு வருடத்துக்கு முன்னால் ‘பைபோலார்’ என்றார்கள், வெறியும் சோர்வும் மாறி மாறி வரும் மனநோய். மாத்திரையை ஒரு மாதம் போடுவான், இரண்டு மாதம் விடுவான். குடி உண்டு, இப்போது கஞ்சாவும். வேலை போய்விட்டது. அப்பா “வீட்டை விட்டு அனுப்பு” என்கிறார். அத்தை “ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், வேனில் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு ரீஹாப் (போதை மறுவாழ்வு மையம்) நம்பரைக் கொடுத்திருக்கிறார். மகள் புனேயில். “யார் சொல்வதைக் கேட்பது? எங்கள் காலத்துக்குப் பிறகு இவன் கதி என்ன?”

அம்மா, இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. பெங்களூரில் மனநலத் துறையில் சமூகப் பணியாளராகப் பல வருடம் இருந்தவன் நான். இந்த நிலைமையில் தாக்குப்பிடித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எதை நிறுத்துவது, எதை எந்தக் கோபத்திலும் நிறுத்தக் கூடாது என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். கையில் காசு, கடன் அடைப்பது, அவனுக்காக ஊரிடம் பொய் சொல்வது, இதெல்லாம் நிறுத்த வேண்டியவை. சோறு, மாத்திரை, ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது, முகம் பார்த்துப் பேசுவது, இதெல்லாம் நிறுத்தக் கூடாதவை. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். கோபம் வந்தால் பேச்சை நிறுத்துகிறோம், பாவமாக இருந்தால் ஐநூறு ரூபாயை நீட்டுகிறோம்.

முதலில் அந்த வேன் விஷயம். வேண்டாம். 2017-ல் வந்து 2018-ல் அமலான மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகின்றன. அப்படி ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 வயது தாண்டியவரை அவர் சம்மதம் இல்லாமல் சேர்க்க வழி உண்டு, ஆனால் அதற்கு 89-ஆம் பிரிவு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தன்னைத் தாக்கிக்கொள்வதாக மிரட்டியிருக்க வேண்டும் அல்லது முயன்றிருக்க வேண்டும், அல்லது மற்றவர்களிடம் வன்முறையாக நடந்திருக்க வேண்டும், அல்லது தனக்கே ஆபத்து வரும் அளவுக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் இருக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்து இதை உறுதி செய்ய வேண்டும். அதிலும் 30 நாள்தான், மேலே நீட்டிக்க மறுபடி பரிசோதனை. சங்கிலி போடுவதை 95-ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு நாலு தடியன்கள் வந்து கையைக் காலைக் கட்டிக்கொண்டு போவதற்கு இந்தச் சட்டத்தில் எங்கேயும் இடமில்லை.

சட்டத்தை விட அவசரமான காரணம் உடம்பு. தினமும் நிறையக் குடிப்பவருக்குத் திடீரென்று குடி நின்றால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியைப் படுக்கையிலிருந்து தட்டிவிட ஆரம்பிப்பார்கள். கவனிக்காமல் விட்டால் அதில் உயிர் போகும். டாக்டர் பார்த்து நடுக்கத்துக்கு மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலும் பத்திரமாகக் கடந்துவிடலாம். ஆகவே ரூமில் போட்டுப் பூட்டி “ரெண்டு நாள் கிடக்கட்டும்” என்பதும் வேண்டாம். எந்த மையமாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறார், நீங்கள் எப்போது பார்க்கலாம், அவன் போனில் பேசலாமா என்று கேளுங்கள். முக்கியமாக, பைபோலாருக்கான மாத்திரையைத் தொடர்வார்களா என்று கேளுங்கள். “இங்கே எல்லா மாத்திரையும் நிறுத்திடுவோம், அதுவும் போதைதான்” என்று பெருமையாகச் சொல்லும் இடங்கள் உண்டு. அப்படிச் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எது முதலில் வந்தது, குடியா நோயா என்ற கேள்வி உங்கள் வீட்டில் நாலு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். அப்பா குடி என்பார், நீங்கள் நோய் என்பீர்கள். டாக்டருக்கு இது தேவைப்படும் கேள்விதான். கஞ்சாவால் மட்டும் வந்த குழப்பம் என்றால் நிறுத்திய ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும், தெளியாவிட்டால் அடியில் வேறு நோய் இருக்கிறது என்று அவர்கள் யோசிப்பார்கள். ஆனால் வீட்டுக்கு இந்தப் பட்டிமன்றத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தூக்கம் வராதவன் குடிக்கிறான். குடித்தவன் மாத்திரையை விடுகிறான். மாத்திரை விட்டவனுக்கு நோய் ஏறுகிறது. நோய் ஏறியவன் இன்னும் குடிக்கிறான். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். “முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மனசைப் பாக்கலாம்” என்று அனுப்பிவிடும் இடத்தில் உங்கள் மகனுக்குப் பாதி வைத்தியம்தான் நடக்கும்.

பெங்களூரில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் மனநலப் பிரிவும் போதை மருத்துவத்துக்கான தனி மையமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பழைய மனநல ஆஸ்பத்திரியும் அகில இந்திய மனநல நிறுவனமும் சேர்ந்து 1974-ல் உருவானது இது. ‘ஹுச்சாஸ்பத்ரெ’ (கன்னடத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி) என்று நம் பக்கத்து ஜனங்கள் இன்னும் சொல்வதால், அந்த கேட்டுக்குள் நுழையக் கூசுவார்கள். உங்கள் கணவருக்கும் அந்தக் கூச்சம் இருக்கலாம். ஓ.பி. வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, மடியில் ஃபைலும் தூக்குச்சட்டியுமாகக் காத்திருக்கும் குடும்பங்களை வரிசைக்கு நாலு பார்க்கலாம். தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் ஆட்கள் நிறைய உண்டு. பிபிஎல் கார்டு இருந்தால் கட்டணச் சலுகையும் உண்டு. ஒரு நாள் முழுவதும் போகும் என்று நினைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மகன் வர மாட்டேன் என்றால்? முதல் தடவை நீங்கள் இருவர் மட்டும் போங்கள். போவதற்கு முன் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, என்ன மாத்திரை எவ்வளவு மில்லிகிராம், எப்போது நிறுத்தினான், ஒரு நாளைக்கு எவ்வளவு குடி, கடைசியாக எத்தனை மணி நேரம் தூங்கினான், அடித்தானா, சாவதாகச் சொன்னானா. சுருக்கமாக, தேதியோடு. அவன் பேஷன்ட்டாக இருக்கும்போது “உங்க மகன் என்ன சொன்னார்னு உங்ககிட்ட சொல்ல முடியாது” என்று டாக்டர் சொல்லலாம். அது அவருடைய கடமை. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவருக்கு எந்தத் தடையும் இல்லை. அந்தக் காகிதத்தை ஃபைலில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். போதை பற்றி மட்டும் என்றால் 14446 என்று இன்னொரு எண்ணும் இருக்கிறது.

இப்போது மாத்திரை. நீங்கள் தினமும் மல்லுக்கட்டுவது இதோடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மா மாத்திரையைப் பொடித்துத் தயிர் சாதத்தில் கலந்து கொடுத்துவந்தார். சில வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் தட்டின் ஓரத்தில் வெள்ளையாகத் திட்டு ஒட்டியிருப்பதைப் பையன் விரலால் தொட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சமைத்த எதையும் அவன் தொடவில்லை. முட்டை மட்டும் வாங்கி வந்து தானே அவித்துச் சாப்பிட்டான், ஓட்டுக்குள் எதையும் கலக்க முடியாதே என்று. “யாரோ எனக்கு விஷம் வைக்கிறாங்க” என்று ஏற்கனவே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அம்மாவே அதை நிரூபித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று. தெரியாமல் கொடுப்பது முடிகிற காரியம் அல்ல.

இதில் குடியை மறக்கடிக்கும் பொடி, ‘அவருக்கே தெரியாமல் சாம்பாரில் கலக்கலாம்’ என்று சுவரொட்டியிலும் யூடியூபிலும் வரும் சரக்கு இன்னும் மோசம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும், உயிருக்கே ஆபத்தாகலாம். குடிக்கிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கொடுக்க வேண்டிய மருந்து அது. சிலருக்கு அது மனநோயையும் கிளப்பிவிடும் என்பதால், பைபோலார் இருப்பவர் விஷயத்தில் டாக்டரே ரொம்ப யோசிப்பார்.

அவன் ஏன் மாத்திரையை விடுகிறான் என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ‘திமிர்’ என்று அப்பா சொல்லுவார். பெரும்பாலும் காரணம் வேறு. காலையில் பத்து மணி வரை கண் திறக்க முடியவில்லை. எடை ஏறிவிட்டது. கை நடுங்கி டீ சிந்துகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கிறது. சில மருந்துகளால் ஆண்மை சம்பந்தமான தொந்தரவும் வரும். 29 வயதுப் பையன் அதை அம்மா முன்னால் டாக்டரிடம் சொல்லுவானா? அதனால் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமாவது அவன் தனியாக டாக்டரோடு பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். பல சமயம் மருந்தை மாற்றவோ, அளவைக் குறைக்கவோ, ராத்திரிக்குத் தள்ளவோ முடியும். சில மருந்துகள் மாதம் ஒரு ஊசியாகவும் கிடைக்கின்றன. அவனுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். தினமும் “போட்டியா, போட்டியா” என்ற சண்டை அதோடு குறையும்.

எல்லா அம்மாக்களும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் ஒன்று உண்டு: குடித்துவிட்டு வந்த ராத்திரியில் மாத்திரை கொடுக்கலாமா? பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். வாரத்தில் நாலு நாள் குடிப்பவனுக்கு அப்படியே வாரத்தில் நாலு நாள் மருந்து இல்லாமல் போகிறது. இதற்குப் பொதுவான பதில் கிடையாது, மாத்திரைக்கு மாத்திரை மாறும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் லொராசெபம், குளோனசெபம் வகை, மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடலாம். நோய்க்கான முக்கிய மாத்திரைகளில் சிலவற்றை விட்டால்தான் அதிக நஷ்டம். அடுத்த தடவை சீட்டை நீட்டி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘குடித்த நாளில் கொடு’ அல்லது ‘கொடுக்காதே’ என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அதை பிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள்.

பைபோலாருக்கான லித்தியம் மாத்திரை கொடுத்திருந்தால் இன்னும் கவனம். அதற்கு ரத்தப் பரிசோதனை விடாமல் செய்ய வேண்டும். வாந்தி பேதியாலும் தண்ணீர் குடிக்காததாலும் உடம்பு வறண்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். மது உடம்பை வறளச் செய்யும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தலைவலிக்கு மெடிக்கலில் வாங்கும் புரூஃபென் மாதிரி வலி மாத்திரைகளும் அந்த அளவை ஏற்றும். நடை தள்ளாடி, கை பலமாக நடுங்கி, வாந்தி எடுத்தால் “குடிச்சிருக்கான்” என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன்னால் பின்பக்கம் மூன்றே குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணி நேரத் தூக்கம், மாத்திரை உண்டா, குடி உண்டா. கிழித்த தாள்களை ஒரு கிளிப்பில் சேருங்கள். பைபோலாரில் வெறி ஏறுவதற்கு முன்னால் பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் விழும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் புது பிசினஸ் பேச ஆரம்பித்தால், அந்த வாரமே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஓலா வாடகைக்குப் பத்து கார் எடுக்கப் போகிறேன் என்று அவன் அட்வான்ஸ் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

பணம். உங்கள் போனில் இருக்கும் யூபிஐ பின்னை இன்றைக்கே மாற்றுங்கள். நகையை லாக்கரில் வையுங்கள். அப்பாவின் பென்ஷன் ஏடிஎம் கார்டு பூஜை அலமாரியில் இருக்க வேண்டாம். அவனுக்குத் தேவையானதைப் பொருளாகக் கொடுங்கள்: பஸ் பாஸ், முடிவெட்டுக் காசு நேராகக் கடைக்காரரிடம், போன் ரீசார்ஜ் நீங்களே போடுவது. அவன் வெளியே வாங்கிய கடனை அடைத்தால், கடன் கொடுத்தவன் அடுத்த தடவை இரட்டிப்பாகக் கொடுப்பான், வாசலில் வந்து நின்றால் அம்மா கொடுத்துவிடுவார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது அல்லவா. “நான் வாங்கல, எனக்குப் பொறுப்பில்ல” என்று கணவரும் நீங்களும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்து மற்றவர் பின்கட்டில் கொடுப்பதுதான் வழக்கமாக நடப்பது. உங்கள் வீட்டில் பின்கட்டு யார் என்று உங்களுக்கே தெரியும்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் கதவில் சாய்ந்துகொண்டு கேட்பான். “ஐநூறு குடும்மா, இல்லன்னா தண்டவாளத்துல போய்த் தலையக் குடுத்துடுவேன்.” இங்கேதான் எல்லோரும் உடைகிறோம். பணத்தையும் உயிரையும் அவன் ஒரே பேச்சில் கட்டிவைக்கிறான், நீங்கள் இரண்டையும் பிரித்துப் பதில் சொல்லுங்கள். “காசு கொடுக்க மாட்டேன் கண்ணா. சாகணும்னு தோணுதுன்னா சொல்லு, இப்பவே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வரேன்.” சொல்வதோடு நிறுத்தாமல் செய்யவும் வேண்டும். மிரட்டலா நிஜமா என்று வாசலில் நின்று ஆராயாதீர்கள். பைபோலாரும் மதுவும் சேர்ந்த இடத்தில் தற்கொலை அபாயம் உண்மையானது. அவனைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை மொத்தத்தையும், எலி மருந்தையும் பூட்டி வையுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

கை நீட்டினால் நியாயம் பேச நிற்காதீர்கள். வாசல் பக்கம் நில்லுங்கள், வெளியே போங்கள், 112-ஐக் கூப்பிடுங்கள். பெற்ற பிள்ளை மேல் போலீஸா என்று தோன்றும். அடி வாங்கிக்கொண்டு மறைத்த வீடுகளில் அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். குடித்திருக்கும் நேரத்தில் எந்தப் பஞ்சாயத்தும் வேண்டாம். மறுநாள் காலை, காபிக்குப் பிறகு, ஒரே ஒரு விஷயம், பத்து நிமிடம். போன வருடக் கதை, சித்தப்பா பையன் அமெரிக்கா போனது, இதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வரக் கூடாது.

இதற்கு ஆராய்ச்சி பலமும் இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் 1950-களின் கடைசியில் ஒன்றைக் கவனித்தார். மனச்சிதைவுக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களில், சில வீடுகளுக்குப் போனவர்கள் சீக்கிரமே மறுபடி நோய்வாய்ப்பட்டார்கள். ஓயாத குறை, வெறுப்பு, அல்லது அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று அதிகமாக உள்ள வீடுகள் அவை. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்தோடு முகம் பார்த்திருந்தால் இன்னும் மோசம். பிற்பாடு பைபோலாரிலும் இதையே கண்டார்கள். சண்டிகரில் இதையே ஆராய்ந்தபோது இப்படிப்பட்ட வீடுகள் லண்டனை விடக் குறைவாக இருந்தன என்பது நமக்கு ஒரு ஆறுதல். ஆனால் ஓகளிபுரத்தில் இரண்டு ரூம் வீட்டில், வேலை இல்லாத மகனும் ஓய்வு பெற்ற அப்பாவும் காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தால் 35 மணி நேரம் எப்போது தாண்டும்? செவ்வாய்க்கிழமையே தாண்டிவிடும். ஆகவே இருவரில் ஒருவர் வெளியே போக ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அப்பா கோயில் கமிட்டிக்கோ பழைய ஆபீஸ் நண்பர்களைப் பார்க்கவோ போகட்டும். மகனுக்குப் பகல் நேர மறுவாழ்வு மையம். நிம்ஹான்ஸிலேயே அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, பேக்கரி வேலை வரை கற்றுத் தருகிறார்கள். 1986-லிருந்து பெங்களூரில் நடக்கும் ரிச்மண்ட் ஃபெலோஷிப் சொசைட்டியிலும் தங்கும் இல்லம், பகல் மையம் இரண்டும் உண்டு. இந்த மாதிரி இடங்களில் சேர்வதற்கு முன் குடி, கஞ்சா ஓரளவு கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

குடியை விடச் சம்மதிக்காதவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரக் குடும்பத்துக்கே பயிற்சி தரும் முறை ஒன்று அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கியது. 1999-ல் வெளியான ஆய்வில், அந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து அவரைக் கண்டித்துப் பேசும் முறையில் 30 சதவீதம்தான். நம் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி நடத்தும் பஞ்சாயத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முறையின் சாரம் எளிது: குடிக்காத நேரத்துக்குத்தான் உபசாரம். உங்கள் மகன் சாயங்காலம் ஆறரை மணிக்குக் கிளம்புவான் என்றால், ஆறு மணிக்கே அவனுக்குப் பிடித்த தோசை தயாராகட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். குடித்துவிட்டு வந்தால் சாப்பாடு மேசையில் மூடியிருக்கும், நீங்கள் உங்கள் ரூமுக்குப் போய்விடுங்கள். கத்தலும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. வாந்தி எடுத்தால் துடைப்பது அவன் வேலை, காலையில். ஆனால் நினைவில்லாமல் படுத்திருந்தால் அதெல்லாம் அப்புறம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைப் பாருங்கள், எழுப்பியும் எழாவிட்டால் 108.

மறுபடி குடிப்பான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நாலு மாதம் நன்றாக இருந்துவிட்டு ஒரு தீபாவளிக்கு விழுந்தால் “எல்லாம் போச்சு” என்று நீங்கள் உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த நாலு மாதம் போகவில்லை. மறுநாளே டாக்டரிடம் கொண்டுபோக முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கல்யாணம் வேண்டாம், அத்தையிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். நோயை மறைத்துச் செய்தால் இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கவும் இடம் இருக்கிறது. அதற்கும் முன்னால், இன்னொரு வீட்டுப் பெண்ணை மாத்திரை கொடுக்கும் ஆளாகக் கூட்டி வருவதற்கு நமக்கு என்ன உரிமை? அவன் தேறி, அவனே விரும்பி, எல்லாம் தெரிந்த ஒரு பெண் சம்மதித்தால் அது வேறு கதை.

மனநோய் தீர வேண்டிக்கொண்டு போகும் திருச்சி பக்கத்து குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. நிம்ஹான்ஸ் டாக்டர்களே தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளை ஆராய்ந்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். அடி, கட்டு எதுவும் இல்லாமல் குடும்பத்தோடு அமைதியாகத் தங்கியதில் நோயின் கடுமை குறைந்திருந்தது. அதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6-ல், ஏர்வாடி தர்கா பக்கத்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். எந்தச் சாமியிடம் போனாலும் மாத்திரைப் பெட்டியும் கூட வரட்டும். அவனை அங்கே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் திரும்பி வராதீர்கள்.

கடைசியாக, உங்கள் காலத்துக்குப் பிறகு. அவன் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் வெள்ளைத்தாளில் ‘நியமனப் பிரதிநிதி’ யார் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு. அட்மிஷன் நேரத்தில் அவனுக்காக முடிவெடுக்க உதவும் ஆள் அவர்தான். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அவன் நம்பும் நண்பனாகவும் இருக்கலாம். எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அவனே முன்கூட்டி எழுதிவைக்கவும் வழி உண்டு. எழுதும்போது அவனையும் ஒரு பெரிய மனுஷனாக நடத்துகிறீர்கள் என்பது அவனுக்குப் புரியும்.

நோய் நீண்டகாலமாக வேலைசெய்ய விடாமல் தடுத்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோய்க்கும் சான்றிதழ் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகள். சம்பாதிக்க முடியாத அளவுக்கு மனநோய் உள்ள பிள்ளைக்கு ரயில்வே போன்ற மத்திய அரசுப் பணியில் இருந்தவரின் குடும்ப ஓய்வூதியம் 25 வயதோடு நிற்காமல் ஆயுள் முழுவதும் போகும். கணவர் இருக்கும்போதே அவன் பெயரைப் பதிய வைக்க முடியுமா என்று பென்ஷன் ஆபீசில் விசாரிக்கச் சொல்லுங்கள். “வெளியே அனுப்பு” என்று சொல்பவர்தான் இந்த வேலையை ஓடி ஓடிச் செய்வார், பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. குடி, போதைச் சிகிச்சை மட்டும் பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும், பாலிசிப் பத்திரத்தை ஒரு தடவை படியுங்கள்.

வீட்டை அவன் பெயருக்கு எழுதாதீர்கள். ஒரு கையெழுத்தில் போய்விடும், வாங்கிக்கொள்ள ஆள் தயாராக இருப்பார்கள். வீட்டில் அவன் ஆயுள் வரை இருக்கும் உரிமை, வாடகையோ வட்டியோ மாதாமாதம் அவன் செலவுக்குப் போகும்படி ஒரு அறக்கட்டளை, அதற்குப் பொறுப்பாக இரண்டு பேர், இப்படி உயில் எழுத முடியும். சிவில் வக்கீல் யாரானாலும் செய்து தருவார். பொறுப்பாளராக மகள் பெயரைத்தான் போடத் தோன்றும். அவளிடம் போனில் சொல்லிவிட்டு எழுதாதீர்கள். புனேயிலிருந்து அவள் வரும்போது வக்கீலிடம் கூடக் கூட்டிப் போங்கள். என்னால் இவ்வளவு முடியும், இதற்கு மேல் முடியாது என்று அவளும் அங்கே சொல்லட்டும். அதை வைத்து இரண்டாவது ஆளை முடிவு செய்யுங்கள்.